டெல்லிக்குக் குடும்பத்தோடு குடிபோகிறீர்களா? எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து நாங்கள் டெல்லிக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச் ஆனால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். “அக்கா, அவருக்கு டெல்லிக்கு மாற்றல் போட்டுட்டாங்க. எங்க வீடு பாக்கலாம்? நம்ம ஆளுங்க இருக்கற இடமா சொல்லுங்க.” தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், சில சமயம் யாரென்றே தெரியாதவர்கள். எல்லோரிடமும் அரை மணி நேரமாவது பேசுவேன். நாங்கள் வந்தபோது அப்படிப் பேச எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

டெல்லியில் தமிழர்கள் எங்கெங்கே அதிகம்?

பழைய இடம் கரோல்பாக். அதற்கடுத்து மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள்: ராமகிருஷ்ணாபுரம் (எல்லோரும் ஆர்.கே.புரம் என்றுதான் சொல்வார்கள்), சரோஜினி நகர், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக். ஓய்வுபெற்ற பலர் சொந்த வீடு வாங்கிப் போன இடங்கள் யமுனைக்குக் கிழக்கே மயூர் விஹார், மேற்கே ஜனக்புரி. ஆர்.கே.புரத்தில் மட்டும் ஒரு சின்ன ஊரே இருக்கிறது. 1946-இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம் 5-ஆவது செக்டரில். மலை மந்திர் என்று டெல்லிக்காரர்களே அழைக்கும் சுவாமிநாத சுவாமி கோயில் 7-ஆவது செக்டரில். தைப்பூசத்தன்று அந்தப் படியில் ஏறினால் தமிழைத் தவிர வேறெதுவும் காதில் விழாது.

ஆனால் ஒன்று. ஆர்.கே.புரம் பெரும்பாலும் அரசுக் குடியிருப்பு. தனியாரில் வேலை பார்க்கிறவர்களுக்கு உள்ளே வாடகை வீடு எளிதில் கிடைக்காது. பக்கத்து முனிர்காவில்தான் தேட வேண்டும். சரோஜினி நகர், நேதாஜி நகர் பகுதிகளில் பழைய குவார்ட்டர்ஸை இடித்து அடுக்குமாடி கட்டியதில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் கலைந்து போய்விட்டன. “எங்க சித்தப்பா அங்கதான் இருந்தார், தெருவெல்லாம் தமிழ்தான்” என்று இருபது வருடத்துக்கு முந்தைய கதையை நம்பிப் போகாதீர்கள். ஒருமுறை நேரில் பாருங்கள்.

தமிழர்கள் இருக்கும் இடத்தில்தான் வீடு பார்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இது என் அனுபவத்திலிருந்து சொல்வது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் முதல் வீட்டைக் கணவரின் அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் என்பதற்காக எடுத்தோம். புது அடுக்குமாடி, லிஃப்ட், காவலாளி, நீச்சல்குளம், எல்லாம் உண்டு. அதே மாடியில் ஒரு தமிழ்க் குடும்பமும் இருந்தது. எட்டு மாதத்தில் அவர்களோடு பேசியது மொத்தம் நாலு தடவை இருக்கும். தப்பு யார் மேலும் இல்லை, அவர்கள் இருவரும் காலை எட்டுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிவிட்டு வந்ததும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பாள். ஒரு நாள், “அம்மா, இங்க யாருக்கும் என் பேரு தெரியாதாம்மா?” என்று கேட்டாள். அன்று இரவே வேறு வீடு பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அடுத்த வீடு மயூர் விஹார் முதல் பகுதியில், டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பழைய வீடு, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. லாரியிலிருந்து சாமான் இறங்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மா ஒரு தட்டில் டீயோடு வந்தார். தட்டில் ஏழு கிளாஸ். நாங்கள் மூன்று பேர், கட்டில் தூக்கிய ஆட்கள் நான்கு பேர். ஜன்னலிலிருந்து எண்ணியிருக்கிறார். சாமான் தூக்கியவர்களுக்கும் சேர்த்து அவர் போட்டுக்கொண்டு வந்த டீயைப் பார்த்ததுமே எனக்கு மனசு இளகிவிட்டது. மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று எங்கம்மா சொல்வாள். எலுமிச்சம்பழச் சாதம் கிண்டி வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் என் பாத்திரம் கடுகுக்கீரையோடு திரும்பி வந்தது. அவர்கள் ஊரிலும் வெறும் பாத்திரமாகத் தருவதில்லையாம்.

அந்தத் தெருவில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு, நடக்கும் தூரத்தில் பிள்ளையார் கோயில் உண்டு. என் மகளைத் தெருவோடு சேர்த்துவிட்டவர் மட்டும் அந்த ஆன்ட்டிதான். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: தமிழ்க் கடைக்கும் கோயிலுக்கும் சங்கத்துக்கும் அரை மணியில் போய்வர முடிகிற தூரம் போதும். பக்கத்து வீட்டில் பகலில் ஆள் இருக்கிறார்களா, பிள்ளைகள் மாலையில் கீழே இறங்கி விளையாடுகிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

ஒரு தெரு நம்மைச் சேர்த்துக்கொள்ளுமா என்று குடிபோகும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

தரகர் உங்களை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அழைத்துப் போவார். அப்போது எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும். நீங்களாக ஒருமுறை, வேலைநாளில், மாலை ஆறு மணிக்குப் போங்கள். டெல்லியில் ஏறக்குறைய எல்லாக் குடியிருப்பிலும் நடுவில் ஒரு பூங்கா இருக்கும். அங்கே போய் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். பெரியவர்கள் பெஞ்சில் இருக்கிறார்களா, பிள்ளைகள் ஓடுகிறார்களா, “பந்து விளையாடக் கூடாது” என்று பலகை தொங்குகிறதா? அந்தப் பலகை இருக்கும் இடத்தில் பிள்ளை வைத்திருப்பவர்கள் நிறையவே யோசிக்க வேண்டும்.

அப்புறம் மதர் டெய்ரி பால் பூத், இஸ்திரி போடுகிறவர், காய்வண்டிக்காரர், இந்த மூவரிடமும் பேச்சுக் கொடுங்கள். தெருவில் யார் யாரோடு சண்டை, எந்த வீட்டில் வாடகைக்காரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார், எந்தப் பக்கம் தண்ணீர் வராது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். “பையா (இந்தியில் அண்ணா), இந்த வீட்ல முன்ன இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?” என்ற ஒரு கேள்வி எங்களை ஒரு பெரிய தொல்லையிலிருந்து காப்பாற்றியது.

காவலாளி, வீட்டுவேலை செய்யும் பெண் போன்றவர்களிடம் அந்தத் தெருக்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களை அதட்டுகிற குரல் உங்கள் பக்கம் திரும்ப ரொம்ப நாள் ஆகாது.

முடிந்தால் நவம்பரில் ஒரு தடவை வந்து பாருங்கள். காரணத்தைக் காற்று பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அசைவம் சாப்பிடுவோம் என்றால் வீடு தருவார்களா? மதம், சாதி கேட்பார்களா?

கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, இங்கே பல தெருக்களில் “சைவம் மட்டும்” என்பது எழுதாத விதி. தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமையாக நடக்கிறது. வீடு பார்த்து, பிடித்து, முன்பணம் பேசி, பெயரைச் சொன்னதும் “பையன் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறான்” என்று ஒரு காரணம் வரும். என் தோழி ஒருத்தி ஒரே மாதத்தில் ஐந்து வீட்டில் இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். சாதியை நேராகக் கேட்க மாட்டார்கள். “முழுப் பெயர் என்ன? பேருக்குப் பின்னால் என்ன?” என்பார்கள். நமக்குப் பின்னொட்டு கிடையாது, இனிஷியல்தான் என்றால் புரியாமல், “இல்லை, அதற்கும் பிறகு?” என்று துருவுவார்கள். தமிழ்நாட்டுக்காரர்களே இதைவிடப் பச்சையாகக் கேட்கிற இடமும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

என் யோசனை: போனிலேயே, வீட்டைப் பார்க்கும் முன்பே, தரகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். “நாங்கள் அசைவம் சாப்பிடுவோம், இன்ன மதம், இதற்குச் சம்மதிக்கிறவர்களின் வீட்டை மட்டும் காட்டுங்கள்.” பட்டியல் சுருங்கும், மிஞ்சுகிற வீட்டில் மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்காது. பொய் சொல்லி நுழைந்த வீட்டில் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாழ்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்க்கை யாருக்கும் வேண்டாம்.

எங்களுக்கு இந்தி தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். தெருவுக்கு நூறு சொல் இருந்தால் மூன்று மாதம் ஓட்டிவிடலாம். அதற்குள் பிள்ளைகள் உங்களுக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் இந்தி கற்றது காய்வண்டிக்காரரிடம்தான். முருங்கைக்காயைக் கையால் காட்டி, பெயர் கேட்டு, மறுநாள் சொல்லிப் பார்த்து. தப்பாகப் பேசினால் டெல்லியில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, பேசாமல் இருந்தால்தான் “திமிர்” என்று நினைக்கிறார்கள். பேச்சில் ஒரு “ஜி” சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் தமிழை விடாதீர்கள், அதை விடச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

பள்ளியில் பிள்ளையை “மதராசி” என்று கேலி செய்தால்?

செய்வார்கள், பெரும்பாலும் அறியாமையால். தெற்கே இருந்து யார் வந்தாலும் மதராசிதான். இட்லி, தோசை, ரஜினி என்று ஆரம்பிக்கும். நிறத்தைச் சொன்னால் மட்டும் சும்மா விடாதீர்கள். மறுநாளே வகுப்பு ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். நான் போனேன். ஆசிரியர் என் மகளைத் தமிழில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லி, மற்ற பிள்ளைகளுக்கும் நாலு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுக்க வைத்தார். கேலி நின்றது.

பெயர் விஷயத்தையும் சேர்க்கும்போதே சரி செய்துவிடுங்கள். பள்ளி விண்ணப்பத்தில் “குடும்பப் பெயர்” என்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் அப்பா பெயரைப் போட்டோம். ஒரு வருடம் முழுக்க வருகைப் பதிவில் அவளை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து, “என்னை அப்பா பேரு சொல்லிக் கூப்பிடறாங்க” என்பாள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் இனிஷியல் ஒரே மாதிரி விரிந்திருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்து, இல்லையென்றால் திருத்தி வாங்கி வாருங்கள். இங்கிருந்து அதைச் செய்வது பெரிய அலைச்சல்.

பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க இடம் உண்டா?

உண்டு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், பூசா சாலை, ஜனக்புரி, ஆர்.கே.புரம் ஆகிய இடங்களில் இருக்கின்றன. சிபிஎஸ்இ பாடத்திட்டம், தமிழும் பாடம். அரசு உதவி பெறுவதால் கட்டணம் தனியார் பள்ளிகளோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. நூறாண்டுக்கு முன், அரசு வேலைக்காக இங்கே வந்த நம் முன்னோர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும். இந்த ஏழும் யமுனைக்கு மேற்கே இருப்பதால் மயூர் விஹாரில் குடியிருந்தால் பிள்ளை தினமும் ஆற்றைத் தாண்ட வேண்டும். தமிழ்ப் பள்ளிதான் வேண்டும் என்றால் பள்ளியை முதலில் முடிவு செய்து, அதைச் சுற்றி வீடு தேடுங்கள்.

வேறு பள்ளி என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. என் மகள் ஞாயிறுதோறும் அதைத்தான் படித்தாள். பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வைத்தோம். பாடத்தைவிடக் கடிதம்தான் அதிகம் கைகொடுத்தது.

எந்த வகுப்பில் மாற்றுவது நல்லது?

ஐந்தாம் வகுப்புக்குள் என்றால் பிள்ளைக்குச் சிரமமே தெரியாது. சிபிஎஸ்இயில் பொதுத்தேர்வுக்கான பதிவு 9, 11-ஆம் வகுப்புகளிலேயே நடந்துவிடும். 10-இலும் 12-இலும் புதிதாகச் சேர்க்க, பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணமும் அதற்கான அனுமதியும் வேண்டும். எனவே 9 முடிந்து 10 போகிற பிள்ளை, 11 முடிந்து 12 போகிற பிள்ளை இருந்தால் ஒரு வருடம் அம்மாவோ அப்பாவோ ஊரில் தங்கி முடித்துவிட்டு வருவதே மேல். இங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஜூனில் இல்லை. சின்னப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல்: தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2022 முதல் மார்ச் 31-இல் 6 வயது முடிந்திருக்க வேண்டும். ஊரில் ஒன்றாவது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டைவிட்டு வருவதால் பிள்ளைகள் எதையாவது இழப்பார்களா?

இதை யாருமே கேட்பதில்லை. நானேதான் எடுத்துச் சொல்வேன், ஏனென்றால் தெரியாமல் வந்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு (2020-இல் சட்டமானது, அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது) தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு. நடுவில் இரண்டு வருடம் டெல்லியில் படித்தாலும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், இரண்டுக்கும் இதே மாதிரிதான் 6 முதல் 12 வரையிலான கணக்கு. டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையும் தமிழ் வழிப் படிப்பைத்தான் பார்க்கும். மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் கூடுகிறது என்பதற்காக, எட்டாவது படிக்கிற கெட்டிக்காரப் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து பிடுங்கி வருவதற்கு முன் இதை உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சில குடும்பங்களிடம் “அப்பா மட்டும் வரட்டும்” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

சாதிச் சான்றிதழும் அப்படியே. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலம் தருகிற சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு நிறுவனங்களுக்கும், 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி டெல்லி அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கும் தமிழ்நாட்டுச் சான்றிதழ் செல்லும். எனவே பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் கிளம்பும் முன்பே வாங்கிக் கோப்பில் வையுங்கள். பின்னால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது, வெளியில் படித்த பிள்ளைக்கு அந்தப் பிறப்பிடச் சான்றிதழ்தான் வழி.

காற்று அவ்வளவு மோசமா?

அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, ஆமாம். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும் நாள்கள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. 2023, 2024 நவம்பரில் பள்ளிகளையே மூடி ஆன்லைனில் வகுப்பு நடத்தினார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால், இதைச் சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன்பே பேச வேண்டும். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பிப்ரவரியில் வந்து பூ பூத்திருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நவம்பரில் வந்து அந்தத் தெருவில் ஒரு இரவு தங்கிப் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

நகரம் முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் நிலையம் நிலையமாகப் பார்க்கலாம். ஆனந்த் விஹார் பெரும்பாலும் மேலே இருக்கும், மரம் நிறைந்த லோதி சாலை அதைவிடக் குறைந்திருக்கும். நான் குடியிருக்கும் மயூர் விஹாரை நானே புகழ்ந்துவிட்டேன், அதன் குறையையும் சொல்கிறேன்: காஜிப்பூர் குப்பை மேடு பக்கம்தான். மூன்றாம் பகுதிப் பக்கம் காற்று திரும்பினால் நாற்றம் வரும்.

வயதான பெற்றோரையும் அழைத்து வரலாமா?

தரைத்தளம் கிடைத்தால் மட்டும். டிடிஏவின் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி ஏறி இறங்கத் தயங்கியே பெரியவர்கள் அறைக்குள் முடங்கிவிடுகிறார்கள். மேல் மாடியோ மே, ஜூனில் அடுப்பு. என் மாமியார் முதல் குளிர்காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டார். அதன் பிறகு நவம்பரில் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டு, பங்குனியில் வருவார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு, மூன்றாம் நாள் காலையில் இறங்கிவிடலாம். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குச் சம்பர்க் கிராந்தியும் கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் டெல்லியின் நிஜாமுதீன் நிலையத்துக்கே வருகின்றன. இங்கே இருக்கும்போது பகலில் மாமியார் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பஞ்சாபி, வங்காளிப் பாட்டிகள். யாருக்கும் யார் மொழியும் தெரியாது. ஸ்வெட்டர் பின்னுவதும் பட்டாணி உரிப்பதும் நடந்துகொண்டே இருக்கும். என் மாமியாருக்கு டெல்லியில் மிகவும் பிடித்த இடம் அந்த பெஞ்ச்.

நொய்டா, குருகிராம் பக்கம் பார்க்கலாமா?

பார்க்கலாம், வேலை அங்கேயே என்றால் அதுதான் சரி. ஆனால் நொய்டா உத்தரப் பிரதேசம், குருகிராம் ஹரியானா. வண்டிப் பதிவு, மின்கட்டணம், அரசுத் திட்டங்கள் எல்லாம் அந்தந்த மாநிலத்தின்படி. டெல்லித் தமிழ்ப் பள்ளிகள் தினமும் போய்வருகிற தூரத்தில் இருக்காது.

கூலி வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

மாற்றலில் வருகிறவர்களுக்குச் சொல்கிற பதில் இவர்களுக்குப் பொருந்தாது. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். பெண்கள் சுற்றுவட்டார வீடுகளில் வேலை பார்த்தார்கள், பிள்ளைகள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள். 2025 ஜூன் 1-ஆம் தேதி, நீதிமன்ற உத்தரவுப்படி அதை இடித்தார்கள். 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் மறுகோடியில், நரேலாவில். வேலையும் பள்ளியும் இங்கே, வீடு அங்கே. அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் சிதறிப் போனார்கள். செய்தியைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

எனவே அப்படி வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வாடகை குறைவு என்பதற்காக அனுமதி இல்லாத இடத்தில் முன்பணம் கொட்டாதீர்கள். நில உரிமை யாருடையது என்று கேளுங்கள். என்ன ரசீது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள், இருப்பிடத்தை நிரூபிக்கிற ஒவ்வொரு துண்டுக் காகிதமும் ஒருநாள் வேண்டியிருக்கும். வாக்காளர் அட்டையைப் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். முன்னுரிமை, அந்தியோதயா ரேஷன் அட்டைகளுக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் டெல்லி நியாயவிலைக் கடையிலும் தானியம் வாங்கலாம். முன்னுரிமை இல்லாத அட்டைக்கு அது கிடையாது.

வாடகை ஒப்பந்தத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பதினொரு மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அப்படி. காவல்துறைச் சரிபார்ப்புப் படிவம் கேட்பார்கள், அது எல்லா வாடகைக்காரருக்கும் உள்ளது, சந்தேகப்படுகிறார்கள் என்று வருந்தாதீர்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரா என்று பாருங்கள். துணை மீட்டர் என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சாமான் ஏற்றும் நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

வந்து ஆறு மாதமாகியும் ஒட்டவில்லை என்றால்?

முதல் குளிர்காலத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டு, எல்லா வீட்டிலும் கதவு சாத்தியிருக்கும். தெருவே உங்களை ஒதுக்கிவிட்டது போல இருக்கும். மார்ச்சில் ஹோலிக்குக் கதவுகள் திறக்கும். அப்போது நீங்களும் கீழே இறங்கி நில்லுங்கள். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் செய்து, அந்தப் படிக்கட்டில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள், பிள்ளையின் கையால். அதன் பிறகும் ஒருவர்கூடப் பெயர் கேட்கவில்லை, பிள்ளை விளையாடப் போக மறுக்கிறது என்றால், அந்தத் தெரு சரியில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை, வீட்டை மாற்றுங்கள். நாங்கள் மாற்றியதில் போன முன்பணத்தைப் பற்றி இன்றுவரை வருந்தியதில்லை.

ஊரிலிருந்து என்னென்ன எடுத்து வரலாம்?

கிரைண்டரைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். சாம்பார்ப் பொடி, புளி, நல்லெண்ணெய் எல்லாம் ஐஎன்ஏ மார்க்கெட்டிலும் கரோல்பாக்கிலும் கிடைக்கும், சுமக்க வேண்டாம். குளிர்காலத்தில் மாவு பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி டிரம்மின் மேல் வையுங்கள், பதினாறு மணி நேரம் பொறுத்தால் பொங்கும். கறிவேப்பிலைச் செடி கொண்டு வந்தால் டிசம்பரில் இலை எல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், மார்ச்சில் தளிர் விடும்.